பதினோரு ஆட்டம் பந்து, நாற்பது ஆட்டம் தண்ணீர்

மாநில அணிகள் மோதும் ரஞ்சி டிராபியில் நான் ஆடியது 11 ஆட்டங்கள். அணியோடு ஊர் ஊராகப் போய், வெள்ளை உடை போட்டு, வார்ம்-அப் செய்து, ஆடாமல் உட்கார்ந்திருந்தது நாற்பதுக்கு மேல். முதல் கணக்கை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதை இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. என் தொழில் பெரும்பாலும் அந்த இரண்டாவதில்தான் நடந்தது.

இப்போது பையன்களுக்குப் பந்துவீச்சு சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களைக் கூட்டிவரும் அப்பாக்கள் இந்திய அணிக்குப் போகும் வழியைக் கேட்பார்கள். அந்த வழியில் நான் முழுசாக நடந்ததில்லை. அதன் ஓரத்தில் ஒரு திண்ணை இருக்கிறது, அதில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி வேண்டுமானால் சொல்லலாம்.

2005இல் திண்டுக்கல் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்தபோது எனக்கு 17 வயது. அதுவரை டென்னிஸ் பந்தில்தான் பெயர் எடுத்திருந்தேன். டோர்னமென்ட் டோர்னமென்டாகப் போய்க் கோப்பைகளும், ஒரு தடவை ஆட்டுக்கிடாவும் வாங்கிவந்த ஆள். தோல் பந்தைக் கையில் பிடித்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றின் மூன்றாம் மாடியில் நான்கு பேருக்கு ஓர் அறை. என் கிட் பேக்கை உள்ளே வைத்தால் யாராவது ஒருவர் காலை மடக்கித்தான் தூங்க வேண்டும்.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீக் பற்றி வெளியே பலருக்கும் தெரியாது. கீழ் டிவிஷன்களில் ஒருநாள் ஆட்டம், மேலே முதல் டிவிஷனில் பல நாள் ஆட்டம். அணிகளில் பலவற்றின் பின்னால் கம்பெனிகள் இருக்கும். ராகுல் திராவிட் போன்றவர்கள் வெளிமாநிலத்திலிருந்து வந்து ஆடிய லீக் இது. ஆனால் பார்க்க வருவது மரத்தடியில் பேப்பரோடு உட்காரும் இரண்டு மூன்று பெரியவர்கள்தான். அவர்களுக்கு நம் ஜாதகமே தெரியும். ஓவர் முடிந்து பவுண்டரி பக்கம் வந்தால், "தம்பி, இடது கை சீக்கிரம் கீழ விழுது" என்பார் ஒருவர். முதலில் எரிச்சல் வரும். நான் பெற்ற நல்ல ஆலோசனைகளில் பாதி அந்த மரத்தடியிலிருந்து வந்தவை.

சென்னையில் வெயிலும் களமும் கூட்டுச் சேர்ந்து, வேகப்பந்து வீச்சாளனைச் சுழற்பந்துக்காரருக்குப் பந்தைப் பழசாக்கிக் கொடுக்கும் ஆளாக வைத்திருக்கும். 1934இல் சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி ஆட்டத்தில் சென்னை மைசூரை ஒரே நாளில் தோற்கடித்தது. 11 விக்கெட் எடுத்தவர் ஏ.ஜி. ராம் சிங். இடது கைச் சுழற்பந்துக்காரர். அப்போதே அப்படித்தான்!

2010இல் ஒரே மாதத்தில் இரண்டு வாய்ப்புகள் வந்தன. ஒன்று, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. இன்னொன்று, தனியார் அணி ஒன்றின் வருட ஒப்பந்தம். பணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்பா போனில் ஒரே வரிதான் சொன்னார்: "கவர்மெண்டு வேலைய விட்டுட்டு அப்புறம் தேடாதப்பா." நான் கேட்கவில்லை. 22 வயது, பந்து நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, எனக்கு எல்லாம் தெரியும்.

பதினான்கு மாதத்தில் முதுகு போனது. அந்த வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். காயம்பட்டால் எத்தனை மாதம் சம்பளம், ஸ்கேன் செலவு யாருடையது என்பதெல்லாம் தாளில் தெளிவாகவே இருந்தது. நான் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் பார்த்தேன். இப்போது என்னிடம் வரும் பையன்களிடம் ஒப்பந்தத்தை வாங்கி முதலில் காயத்தைப் பற்றிய பத்தியைத்தான் தேடுகிறேன். அந்தப் பத்தியே இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொரு சங்கதி. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை நமக்காகக் காத்திருக்காது. ரயில்வே போன்ற இடங்களில் 25 வயதுதான் எல்லை. சாதனையும் அண்மைய ஆண்டுகளுடையதாக இருக்க வேண்டும். 19 வயதுக்குட்பட்டோர் அணியில் எடுத்த ஆறு விக்கெட்டை 26 வயதில் காட்டினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மாநிலத்துக்கு ஆடியதற்கான சான்றிதழை அந்தந்த சீசன் முடிந்ததும் சங்கத்தில் வாங்கி, லேமினேட் செய்யாமல், இரண்டு நகலோடு வையுங்கள். லேமினேட் செய்த தாளில் முத்திரை விழாது. ஒரு தடவை இதற்காகவே விண்ணப்பம் திரும்பி வந்து, புதுச் சான்றிதழுக்கு அலைந்தேன். 24 வயது முடிய மூன்று மாதம் இருந்தபோது வேறோர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு ரஞ்சியில் என்னை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒன்றாம் தேதி வீட்டில் அடுப்பு எரிந்தது. பந்தும் அதற்குப் பிறகுதான் நன்றாக விழ ஆரம்பித்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சரி, முதுகு. வலது கையால் வீசும் எனக்கு இடது பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே, கட்டைவிரலால் அழுத்திக் காட்டும் அளவு இடத்தில் வலி. வேகப்பந்து வீச்சாளருக்கு அந்தக் குறிப்பிட்ட இடத்தில் வலித்தால் அலட்சியம் கூடாது என்று இப்போது எவரும் சொல்வார்கள். அப்போது நான் தசைப்பிடிப்பு என்று நினைத்து, ஸ்ப்ரே அடித்து, வலி மாத்திரை போட்டு ஏழு வாரம் வீசினேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள், அதை நம்பினேன். பிறகு எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பில் விரிசல் தெரிந்தது. ஆரம்பக் கட்ட விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் படாது. அந்த ஏழு வாரம்தான் மூன்று மாத ஓய்வை எட்டு மாதமாக்கியது.

காரணம் என் ஆக்‌ஷன், அதாவது பந்து வீசும் விதம். கால் ஒரு திசை, இடுப்பு ஒரு திசை, தோள் ஒரு திசை. ஓடிவந்து முன்காலை ஊன்றும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு அடி கீழிருந்து மேலே ஏறுகிறது. அந்த நேரத்தில் தோளும் இடுப்பும் எதிரெதிராக முறுக்கிக்கொண்டால் எலும்பு எத்தனை நாள் தாங்கும்? இந்திய அணிக்கு ஆடிய நம்ம லட்சுமிபதி பாலாஜியும் இதே மாதிரி முதுகுக் காயத்துக்குப் பிறகு ஆக்‌ஷனை மாற்றிக்கொண்டுதான் திரும்பி வந்தார். அது ஒன்றுதான் அந்த எட்டு மாதமும் எனக்கு இருந்த தைரியம்.

திரும்பி வந்த விதம்தான் முக்கியம். முதல் நாள் பன்னிரண்டு பந்து, நடந்துவந்து, பாதி வேகத்தில். ஒருநாள் விட்டு ஒருநாள். பிசியோ ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார். ஒவ்வொரு நாளும் எத்தனை பந்து, எத்தனை சதவீத வேகம், மறுநாள் காலை முதுகு எப்படி என்று மூன்று கட்டம். நெட்ஸில் வீசுவதும் கணக்கு, நண்பனுக்காகச் சும்மா போட்ட பத்துப் பந்தும் கணக்கு. பந்துவீச்சாளர்கள் பொய் சொல்வது அந்தப் பத்துப் பந்தில்தான். எங்கள் ஆட்களுக்கு எலும்பு உடைவது அதிகம் வீசுவதால் மட்டும் இல்லை. மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டு, ஒரே வாரத்தில் நாற்பது ஓவர் போடுவதாலும் உடைகிறது. அந்த நோட்டு ஓய்வு பெறும்வரை நிற்கவில்லை. மொத்தம் பதினேழு நோட்டு சேர்ந்தன.

இனி திண்ணைக்கு வருகிறேன்.

ரஞ்சி ஆட்டம் ஒன்பதரைக்குத் தொடங்கும். ஒன்பது மணி டாஸுக்கு முன்னாலேயே யார் ஆடுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஆடப்போகிறவனிடம் கோச் தூரத்திலிருந்தே ஏதாவது கத்துவார். கிட்டே வந்து தோளில் கை போட்டால் ஆட்டம் இல்லை. "இந்த மேட்ச் இல்ல தம்பி, ரெடியா இரு." ரெடியாக இருப்பது என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தரவில்லை. முதல் சீசன் முழுக்க, டக்-அவுட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்வதுதான் ரெடியாக இருப்பது என்று நினைத்தேன். நான்கு நாள் ஆட்டம், மூன்று நாள் இடைவெளி, மறுபடி நான்கு நாள். இரண்டு மாதத்தில் ஆறு ஆட்டத்துக்கு அணியோடு போய் ஒரு பந்துகூட வீசவில்லை. சீசன் முடிந்து லீக் ஆட்டத்தில் எட்டாவது ஓவரில் தொடை பிடித்துக்கொண்டது. ஆடாதவனுக்கு அடிபடாது என்பது பொய்.

அடுத்த சீசனிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். உணவு இடைவேளையில் பக்கத்து ஆடுகளத்தில் ஒற்றை ஸ்டம்ப் நட்டு ஆறு ஓவர், முழு ரன்-அப், நிறுத்தாமல். நெட்ஸில் ஓவருக்கு ஓவர் நான்கு பேர் மாறிமாறி வீசுவதும், தனியாக ஒரே மூச்சில் ஆறு ஓவர் வீசுவதும் வேறு வேறு. மைதானப் பணியாளரிடம் முன்கூட்டியே பேசி வைத்தால்தான் அந்தக் களம் கிடைக்கும். அவர்களிடம் மரியாதையாக இருந்தவன் எந்த ஊரிலும் களமில்லாமல் நின்றதில்லை.

தண்ணீர் கொண்டுபோவதிலும் ஒரு தொழில் இருக்கிறது. எந்த பேட்ஸ்மேனுக்கு எத்தனை ஓவரில் க்ளவுஸ் நனையும், யாருக்கு வாழைப்பழம், யார் ஆடும்போது பேசினால் பிடிக்காது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். செய்தி கொண்டுபோவது அதைவிடப் பெரிய வேலை. ஒரு தடவை கோச், "இன்னொரு மிட்விக்கெட் எடுத்துக்கச் சொல்லு" என்றார், அந்த இடத்தில் இன்னும் ஓர் ஆளை நிறுத்தச் சொல்லி. நான் ஓடிப்போய், மூச்சு வாங்க, "மிட்விக்கெட் எடுக்கணுமாம்" என்றேன். கேப்டன் இருந்த ஆளையும் எடுத்துவிட்டார். அடுத்த ஓவரில் அந்தப் பக்கமாக இரண்டு பவுண்டரி. டிரெஸ்ஸிங் ரூம் பக்கம் திரும்பிப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து 'எடு' என்ற சொல்லை மைதானத்துக்குள் கொண்டுபோவதில்லை. 'வை', 'தூக்கு', இவ்வளவுதான். தமிழ் இவ்வளவு ஆபத்தான மொழி என்று அதுவரை தெரியாது.

சப்ஸ்டிட்யூட்டாக ஃபீல்டிங் செய்யப் போகலாம், பந்து வீச முடியாது. பெரும்பாலும் பேட்ஸ்மேனுக்கு மிகப் பக்கத்தில், ஷார்ட் லெக்கில்தான் நிறுத்துவார்கள். யாரும் விரும்பாத இடம் பதினைந்தாவது ஆளுக்குத்தான் வரும். ஒரு சீசனில் அங்கே நான்கு கேட்ச் பிடித்தேன். மறுநாள் பேப்பரில் 'கேட்ச் சப்' என்று வந்தது. அம்மா அதைக்கூடக் கத்தரித்து வைத்திருக்கிறார், "சப் நீதானே?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு.

ஆனால் திண்ணையில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து, பார்க்க நேரம். ஆடும்போது நம் பந்தைத் தவிர எதுவும் கண்ணில் படாது. வெளியே இருந்தால் பேட்ஸ்மேனின் கால் தெரியும். எவன் பந்து விழுவதற்கு முன்பே முன்காலைப் போடுகிறான், எவன் பௌன்சருக்குப் பிறகு அடுத்த பந்தில் பின்னால் போகிறான், ரஞ்சியில் ஆடும் எஸ்ஜி பந்து அந்த மைதானத்தில் எத்தனையாவது ஓவரில் ஒரு பக்கம் சொரசொரப்பாகிறது, எல்லாவற்றையும் அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதினேன். கேலி செய்தார்கள். "வாத்தியார் நோட்ஸ் எடுக்கறாருடா."

25 வயதில், ஒரு டிசம்பர் காலை, வடக்கே மூச்சு விட்டால் புகை வரும் ஒரு மைதானத்தில், எங்கள் முதன்மைப் பந்துவீச்சாளர் வார்ம்-அப்பில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கோச் தூரத்திலிருந்து என் பெயரைக் கத்தினார். டாஸுக்கு பத்து நிமிடம். பயப்பட நேரமில்லை, அது என் அதிர்ஷ்டம். வீட்டுக்குக்கூடச் சொல்ல முடியவில்லை. போனை அதற்குள் ஊழல் தடுப்பு அதிகாரியிடம் ஒப்படைத்தாகிவிட்டது. ஆட்டம் முடியும்வரை டிரெஸ்ஸிங் ரூமில் போன் கிடையாது.

முதல் ஸ்பெல் ஐந்து ஓவர், விக்கெட் இல்லை. கை விறைத்து, பந்தின் தையலே விரலுக்குத் தெரியவில்லை. மதியத்துக்கு மேல் அவர்களின் ஐந்தாம் நிலை பேட்ஸ்மேன் வந்தார். முந்தைய வருடம் எங்கள் ஊரில் அவர் சதம் அடித்தபோது நான் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தேன். நோட்டில் எழுதியிருந்தேன்: முன்கால் சீக்கிரம் விழுகிறது, மட்டைக்கும் காலுக்கும் நடுவில் இடைவெளி. மூன்று பந்து வெளியே கொண்டுபோனேன். நான்காவது உள்ளே வந்தது. மிடில் ஸ்டம்ப் சாய்ந்த சத்தம் அந்தக் குளிரில் தனியாகக் கேட்டது. 19 ஓவர், 1 விக்கெட், ரன்கள் கொஞ்சம் அதிகம். கேலி செய்தவர்களில் ஒருவன் அன்று ராத்திரி நோட்டைக் கடன் கேட்டான்.

மற்ற பத்து ஆட்டங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. சிலவற்றில் நன்றாக வீசினேன், சிலவற்றில் அடி வாங்கினேன். ஐந்து விக்கெட் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. நாலோடு நின்றது இரண்டு தடவை.

மருந்து விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. வடக்கே குளிர்கால ஆட்டங்களில் பாதி அணிக்கு இருமல் வரும். பக்கத்துக் கடையில் சிரப் வாங்கிக் குடிக்கத்தான் கை போகும். 2019இல் இந்திய பேட்ஸ்மேன் பிரித்வி ஷாவுக்கு எட்டு மாதத் தடை வந்தது இருமல் சிரப்பில் இருக்கும் டெர்பியூட்டலின் என்ற தடைசெய்யப்பட்ட மருந்தினால்தான். தெரியாமல் குடித்தேன் என்றால் தண்டனை குறையலாம், இல்லாமல் போவது அபூர்வம். அணி மருத்துவரிடம் பெயரை அனுப்பி, பதில் எழுத்தில் வந்த பிறகே வாயில் வையுங்கள். ஜிம்மில் நண்பன் தரும் புரோட்டீன் பவுடருக்கும் இதேதான். டப்பாவில் எழுதாதது உள்ளே இருக்கும்.

பணத்தைப் பற்றிக் கேட்பார்கள், கூச்சத்தோடு. ரஞ்சி மேட்ச் ஃபீஸ் 2018இல் ஒரு நாளைக்கு 35,000 ரூபாய் ஆனது. நான்கு நாள் ஆட்டத்துக்கு 1,40,000. உட்கார்ந்திருப்பவனுக்குப் பாதி, அதாவது நாளுக்கு 17,500. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அணியில் இல்லாத வாரத்துக்குப் பூஜ்யம், எந்த வாரம் இருப்போம் என்பது செலக்டருக்கே கடைசி நாளில்தான் தெரியும். அந்தப் பணத்தை நம்பி மாதத் தவணை போடாதீர்கள். நான் வேலைச் சம்பளத்தில் வீட்டை ஓட்டி, மேட்ச் ஃபீஸைத் தனிக் கணக்கில் வைத்தேன். தங்கையின் கல்யாணமும் ஊரில் ஒரு சின்ன வீடும் அதில்தான் வந்தன. பத்து சதவீதம் வரியை டிடிஎஸ் என்று முன்பே பிடிப்பார்கள், கணக்குத் தாக்கல் செய்யுங்கள். முதல் மூன்று வருடம் நான் செய்யவில்லை. சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

ஐபிஎல்? 2017இல் வேகப்பந்து வீச்சாளர் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அடிப்படை விலை 10 லட்சம். அதற்கு முந்தைய வருடம்தான் தமிழ்நாட்டின் டி20 லீக்கான டிஎன்பிஎல் தொடங்கியிருந்தது. அந்த ஏலத்துக்குப் பிறகு எங்கள் எல்லோருடைய வீட்டிலும் போன் அடித்தது: "நீ ஏன் அவன மாதிரி கால்கிட்ட விழற யார்க்கர் போடல?" நானும் இரண்டு தடவை பதிவு செய்தேன். 2020 ஏலத்துக்குப் பதிவு செய்தவர்கள் 971 பேர். அதைச் சலித்து எடுத்த பட்டியலில் மூன்றில் ஒருவர்தான் மிஞ்சினார். என் பெயர் அந்தச் சலிப்பிலேயே போய்விட்டது, ஏலக்காரர் வாய்வரை போகவே இல்லை. அன்று மாலை லீக் பயிற்சிக்குப் போனேன், வேறென்ன செய்வது.

2019-20 சீசனில் கடைசியாக அணியோடு போனேன். இரண்டு ஆட்டம் பந்து, நான்கு ஆட்டம் தண்ணீர். அடுத்த சீசனில் இன்னும் ஒரு தடவை முயலலாம் என்று இருந்தேன். கோவிட் வந்தது. 1934-35இல் தொடங்கியதிலிருந்து முதல் முறையாக ரஞ்சி நடக்கவில்லை. அந்த வருடம் மொட்டை மாடியில் ஸ்கிப்பிங் செய்துகொண்டிருந்தபோது முதுகில் அதே இடத்தில், கட்டைவிரல் அளவுக்கு, ஒரு பழைய வலி எட்டிப் பார்த்தது. நோட்டில் எழுதினேன். இரண்டு வாரம் கழித்தும் இருந்தது. 2021 நடுவில் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்தேன். இரண்டு வரி.

அந்த செப்டம்பரில் இந்திய கிரிக்கெட் வாரியம் புதுச் சம்பளம் அறிவித்தது: இருபது ஆட்டம் வரை ஆடியவருக்கு நாளுக்கு 40,000, நாற்பதைத் தாண்டியவருக்கு 60,000. நண்பர்கள் போன் செய்து, "இன்னும் ஒரு வருஷம் இருந்திருக்கலாமேடா" என்றார்கள். அதே அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது. 2019-20இல் ஆடியவர்களுக்கு, நடக்காமல் போன சீசனுக்காக மேட்ச் ஃபீஸில் பாதி.

பணம் கணக்கில் விழுந்தபோது மனைவியிடம் காட்டினேன். "ஆடாத மேட்சுக்கா?" என்றாள். ஆமாம், வழக்கம்போலப் பாதி.